கேட் பெல்லை இன்டர்நெட் போனோடு இணைப்பது: மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் டெலிபோன், கேமரா வயரிங் வேலை பார்க்கிறேன். மலை பங்களாக்களில் கேட் ஒரு வளைவில் இருக்கும், வீடு இரண்டு வளைவு தள்ளி இருக்கும். கேட்டில் பெல் அடித்தால் சமையலறைக்குக் கேட்காது. கார்க்காரர் ஹாரன் அடிப்பார், அதற்கும் நாய்தான் பதில் சொல்லும். அதனால் டோர் போனை இன்டர்நெட் போனில் சேர்க்கும் வேலை அடிக்கடி வருகிறது. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

"கேட்ல பெல்லை அமுக்கினா என் செல்லுல ரிங் வரணும். அவ்வளவுதான். இதுக்கு என்னென்ன வாங்கணுங்க?"

மூன்று சாமான். கேட்டில் ஒரு டோர் போன்: பட்டன், மைக், ஸ்பீக்கர், வேண்டுமானால் கேமரா. வீட்டுக்குள் ஒரு எக்ஸ்சேஞ்ச்: பழைய லாட்ஜுகளில் ரிசப்ஷனுக்குப் பின்னால் சுவரில் தொங்குமே இன்டர்காம் பெட்டி, அதன் வேலையை இப்போது உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் செய்துவிடும். மூன்றாவது, ரிங் வரவேண்டிய போன். அது மேசை போனாகவும் இருக்கலாம், செல்லில் ஒரு ஆப்பாகவும் இருக்கலாம்.

எக்ஸ்சேஞ்சின் கணக்கில் டோர் போனும் ஒரு எக்ஸ்டென்ஷன்தான். சமையலறைக்கு 201, மாடிக்கு 202, கேட்டுக்கு 210 என்று நம்பர் கொடுத்துவிட்டால், பட்டனை அமுக்குவது என்பது 210 இன்னொரு நம்பரைக் கூப்பிடுவது. கீழே வரும் சந்தேகங்களில் பாதி, இதைப் பிடித்துக்கொண்டால் தானே தீர்ந்துவிடும்.

"இன்டர்நெட் போன்னா வாட்ஸ்அப் கால் மாதிரிதானே தம்பி? அப்ப வாட்ஸ்அப்லயே வர வச்சிட முடியாதா?"

நம் செல்லில் இருக்கும் சாதாரண வாட்ஸ்அப் டோர் போனோடு நேராகப் பேசாது. டோர் போன், மேசை போன், எக்ஸ்சேஞ்ச் எல்லாம் தங்களுக்குள் பேசிக்கொள்வது எஸ்ஐபி என்ற பொது முறையில். கடையில் 'சிப்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 2002-ல் ஆர்எஃப்சி 3261 என்ற எண்ணில் எழுதி வைத்த விதிகள்தான் இன்றைக்கும் அடிப்படை. எல்லோரும் அதைப் பின்பற்றுவதால் ஒரு கம்பெனியின் டோர் போனை இன்னொரு கம்பெனியின் எக்ஸ்சேஞ்சில் சேர்க்க முடிகிறது.

யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், எடுத்தாரா, வைத்தாரா என்ற ஏற்பாடு மட்டும்தான் எஸ்ஐபியின் பொறுப்பு. குரல் ஆர்டிபி என்ற தனிப் பாதையில் போகும். இப்படி இரண்டு பாதை இருப்பதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

"ஏற்கெனவே ஒரு டோர் போன் இருக்குங்க. அதைத் தூக்கிப் போடாம சேர்க்க முடியுமா?"

பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, பின்னால் எத்தனை வயர் வருகிறது என்று எண்ணுங்கள். நெட்வொர்க் சாக்கெட் இருந்து, அதன் மெனுவில் எஸ்ஐபி என்ற பக்கமும் இருந்தால் வேலை பாதி முடிந்தது. சாக்கெட் இருந்தும் தன் சொந்த ஆப்போடு மட்டும் பேசுகிற பெட்டிகளும் உண்டு. புதிதாக வாங்குபவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நான்கு வயர் வந்தால் அது கிட்டாக விற்கிற வீடியோ டோர் போன்: கரண்ட், கிரவுண்ட், ஆடியோ, வீடியோ. உள்ளே இருக்கும் தன் திரையைத் தவிர வேறு எதோடும் அது சேராது. நடுவில் வைக்கும் மாற்றுப் பெட்டிகளோடு மல்லுக்கட்டுவதை நான் விட்டுவிட்டேன். மாற்றிவிடுங்கள்.

இரண்டே வயர் என்றால் பழைய இன்டர்காமுக்குச் செய்தது. அதில் இரண்டு ரகம். ஒரு ரகம் போன் மாதிரி: கரண்டும் டயல் டோனும் நாம் கொடுக்க வேண்டும். இன்னொரு ரகம் லைன் மாதிரி: கரண்டை அதுவே தரும், மணியையும் அதுவே அடிக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் லேண்ட்லைன் போனை அந்த இரண்டு வயரில் நேராக மாட்டி, கேட்டில் பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். போன் மணியடித்தால் லைன் ரகம், ஊமையாக இருந்தால் போன் ரகம். பழைய போன் சாமானை இன்டர்நெட் போனாக மாற்றித் தரும் சின்னப் பெட்டிக்கு ஏடிஏ என்று பெயர். போன் ரகத்தை அதன் எஃப்எக்ஸ்எஸ் துளையில் மாட்ட வேண்டும், லைன் ரகத்தை எஃப்எக்ஸ்ஓ துளையில். மாற்றி வாங்கி வந்துவிட்டு 'ரிப்பேர்' என்று திருப்பிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். எல்லா ஏடிஏவிலும் எஃப்எக்ஸ்ஓ இருக்காது.

"ஏடிஏ மாட்டிட்டேன் அண்ணா. பேச முடியுது. ஆனா பேசி வச்ச பிறகும் கேட் பெட்டி 'பீங் பீங்'னு கத்திக்கிட்டே இருக்கு."

எதிர்முனை வைத்துவிட்டது என்பதை அந்தப் பெட்டி பிஸி டோனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. நம் நாட்டு பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் வினாடி ஒலி, முக்கால் வினாடி மௌனம். ஏடிஏ பெரும்பாலும் அமெரிக்க அமைப்போடு வரும். அங்கே 480-ம் 620-ம் கலந்த ஒலி, அரை வினாடி ஒலி, அரை வினாடி மௌனம். நம்மூர் டோனுக்குப் பழகிய பெட்டி இதை யாரோ பேசுவதாக நினைத்துக்கொண்டு லைனைப் பிடித்தபடி நிற்கும்.

ஏடிஏ மெனுவில் டோன்களை இந்தியாவுக்கு மாற்றுங்கள். அப்புறம் டோர் போனிலேயே ஒரு அழைப்பு அதிகபட்சம் 90 வினாடி என்று வரம்பு வைத்துவிடுங்கள். கேட்டில் நின்று அதற்கு மேல் யாரும் கதை பேசப் போவதில்லை. பட்டனை அமுக்கினால் வெறும் டயல் டோனோடு நிற்கிறது என்றால், எடுத்தவுடன் தானாக டயல் செய்யும் வசதியை ஏடிஏவில் போட்டு, கூப்பிட வேண்டிய நம்பரை எழுதிவிட வேண்டும்.

"கேட்டுக்கும் வீட்டுக்கும் இருநூறு மீட்டர் இருக்கும். கேபிள் இழுத்தாப் போதும்ல?"

நெட்வொர்க் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். அதுவும் கேபிள் நடந்து போகிற தூரம். மலையில் மேலேயிருந்து பார்த்தால் கேட் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், கேபிள் தேயிலைச் செடிகளைச் சுற்றி இறங்கி வருவதற்குள் இரண்டு மடங்காகிவிடும். நூறுக்குள் என்றால் பிஓஇ மாதிரி வசதி கிடையாது, ஒரே கேபிளில் நெட்வொர்க்கும் கரண்டும் போய்விடும். 2003-ல் வந்த முதல் தரத்திலேயே இந்த முனையில் 15.4 வாட் கொடுத்தால் அந்த முனையில் 12.95 வாட் நிச்சயம். டோர் போனுக்கு அது தாராளம்.

நூறைத் தாண்டினால் நடுவில் ஒரு எக்ஸ்டெண்டர் வைக்கச் சொல்வார்கள். புதருக்குள் வைத்த பெட்டிக்கு எலியும் தண்ணீரும் எப்படியாவது வழி கண்டுபிடித்துவிடும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. ஃபைபர் கிலோமீட்டர் கணக்கில் போகும், ஆனால் கேட்டில் தனியாகக் கரண்ட் வேண்டும். வயர்லெஸ் பாலம் போட்டால் மூடுபனி தடுக்காது. நனைந்த சில்வர் ஓக் இலைதான் தடுக்கும், ஒரு கிளை வளர்ந்தாலும் போச்சு. வீடியோ வேண்டாம், பேச்சு போதும் என்பவர்களுக்கு நான் சொல்வது பழைய இரண்டு வயர் டோர் போனும் ஏடிஏவும்தான். டெலிபோன் வயருக்கு இருநூறு மீட்டர் ஒரு தூரமே இல்லை.

ஒரு தடவை போனில் "கேட் சிக்ஸ் கேபிள் வாங்கி வையுங்க" என்று ஒருவரிடம் சொன்னேன். போனால் இரும்புக்கடையில் வாங்கிய ஆறு சுருள் கம்பி வைத்திருந்தார். கேட்டுக்கு என்றுதானே சொன்னீர்கள் என்றார். அன்றிலிருந்து 'நெட்வொர்க் கேபிள்' என்றே சொல்கிறேன்.

"இடி விழுந்தா எல்லாம் போயிடுமா?"

கேபிள் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் விழுந்தாலே போதும். கேட்டிலிருந்து வீட்டுக்கு நீளும் செம்புக் கம்பி ஒரு ஏரியல் மாதிரி அதிர்ச்சியை உள்ளே கொண்டுவந்துவிடும். ஏப்ரல், மே கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும்தான் எனக்கு இந்த வேலை அதிகம். ஒரு எஸ்டேட் பங்களாவில் நெட்வொர்க் கேபிள்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தேன்: எட்டுத் துளையில் ஒன்றின் ஓரம் மட்டும் கருகியிருந்தது, உள்ளே ஒரு சிப்பின் தலை வெடித்து வெள்ளையாகத் தெரிந்தது. அந்தத் துளையில் இருந்தது கேட் கேபிள்.

இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் போட்டு, அதை ஒழுங்கான எர்த்தோடு சேர்க்க வேண்டும். எர்த் இல்லாத புரொடெக்டரால் பயன் இல்லை. பாறை நிலத்தில் எர்த் குழி லேசில் அமையாது, உப்பும் கரியும் போட்டு, கோடையில் தண்ணீரும் ஊற்ற வேண்டும். கேட்டில் கரண்ட் இருக்கிறது என்றால், இந்தக் காரணத்துக்காகவே ஃபைபரைத் தேர்ந்தெடுப்பேன். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது.

"போன்லயே கேட்டைத் திறக்க முடியும்கறாங்களே, அது எப்படிங்க?"

பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு எண்ணை, உதாரணத்துக்கு 9, அமுக்குகிறீர்கள். டோர் போன் அதைப் புரிந்துகொண்டு உள்ளே இருக்கும் ரிலேயைச் சில வினாடி இழுக்கும். ரிலே என்பது ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். மோட்டார் கேட் என்றால் மோட்டார் போர்டில் கைப் பட்டனுக்கு இருக்கும் இரண்டு முனையோடு ரிலேயைச் சேர்த்தால் போதும். மோட்டாரின் கரண்டை ரிலே வழியாக ஓட்டிவிடாதீர்கள்.

சின்னக் கதவுக்கு மின்பூட்டு என்றால் இரண்டு வகை. கரண்ட் போனால் திறந்துகொள்வது ஒன்று, கரண்ட் போனாலும் பூட்டியே இருப்பது இன்னொன்று. காந்தப் பூட்டு முதல் வகை. 280 கிலோ இழுவை தாங்குகிற பூட்டு 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் போல இருபத்துநாலு மணி நேரமும் தின்னும். மழைக்காலத்தில் கரண்ட் எப்படி என்று உங்களுக்கே தெரியும், வெளிக்கேட்டுக்கு இரண்டாவது வகையை வாங்குங்கள். உள்ளிருந்து கையால் திறக்கும் வழி கட்டாயம் வேண்டும். டிசி கரண்டில் ஓடும் பூட்டு என்றால், எந்த வகையானாலும் அதன் சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு போடாவிட்டால் ரிலேயின் முனைகள் சீக்கிரம் கருகும்.

"குரல் நல்லாத்தான் கேக்குது. 9 அமுக்கினா மட்டும் கேட் திறக்க மாட்டேங்குது."

எண்ணை அனுப்ப மூன்று வழி உண்டு: குரலோடு குரலாக 'பீப்' ஒலியாக, ஆர்டிபி பாதையில் தனித் தகவலாக, எஸ்ஐபி செய்தியாக. செல் ஒரு வழியில் அனுப்பி, டோர் போன் வேறு வழியில் எதிர்பார்த்தால் ஒன்றும் நடக்காது. டோர் போன், எக்ஸ்சேஞ்ச், ஆப் மூன்றிலும் ஆர்எஃப்சி 2833 என்பதையே வையுங்கள், அது அந்த இரண்டாவது வழி. சில மெனுவில் 4733 என்று இருக்கும், அதுவும் இதன் புதுப் பதிப்புதான்.

ஏடிஏ போட்டவர்களுக்கு இன்னொன்று. இரண்டு வயர் டோர் போன் ஒலியை மட்டும்தான் கேட்கும், அதனால் வந்த தகவலை ஏடிஏ மறுபடி பீப் ஆக்கிக் கொடுக்க வேண்டும். பீப் ஒலியாகவே அனுப்புகிற அமைப்பில் கோடெக் (குரலை டேட்டாவாக மாற்றும் முறை) ஜி.729 என்றிருந்தால், குரலைச் சுருக்கும்போது பீப்பும் சிதைந்துவிடும். ஜி.711-க்கு மாற்றுங்கள்.

"எவனாவது டோர் போனைக் கழட்டி வயரைச் சேர்த்துட்டா கேட் திறந்துடாதா?"

திறந்துவிடும். நல்ல கேள்வி, ஆனால் வேலை முடிந்து பணம் கொடுக்கும்போதுதான் கேட்கிறார்கள். பூட்டுக்குப் போகும் வயர் வெளியே தொங்கும் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. வீட்டுக்குள் அல்லது காவல் அறைக்குள் தனி ரிலே வைத்து, அதை நெட்வொர்க் வழியாக இயக்க வேண்டும். மோட்டார் போர்டு கேட்டின் உள்பக்கம் இருந்தால் இதை அங்கேயே வைக்கலாம்.

பெட்டியைக் கழற்றியவன் கையில் உங்கள் வீட்டு நெட்வொர்க் கேபிளும் கிடைக்கும் என்பதை மறக்காதீர்கள். கேட் கேபிளை விலேன் என்ற தனித் தடுப்புக்குள், வீட்டு நெட்வொர்க்கோடு கலக்காமல் போட்டு, அதிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு மட்டும் வழி விடுங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது இருக்கிற பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

"கரண்ட் போனாலும் எங்க பழைய லேண்ட்லைன் வேலை செய்யுமே. இது ஏன் செத்துப் போகுது?"

பழைய செம்பு லைனில் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தன் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஃபைபரில் ஒளி மட்டும்தான் வரும், கரண்ட் வராது. ஃபைபர் மோடத்தில் மாட்டியிருக்கும் லேண்ட்லைனும் உள்ளுக்குள் இன்டர்நெட் போன்தான்.

மோடம், ரவுட்டர், பிஓஇ ஸ்விட்ச், வீட்டு எக்ஸ்சேஞ்ச் நான்கையும் ஒரே யுபிஎஸ்ஸில் வையுங்கள், ஒன்றை விட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். டோர் போனையும் சேர்த்து 40 வாட் என்று வைத்துக்கொண்டால், சின்ன யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி இழப்பு போக ஒரு மணி நேரம் ஓட்டும். மரம் விழுந்து அரை நாள் கரண்ட் இல்லாத ஊருக்கு இது காணாது, வீட்டு இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள்.

"இன்டர்நெட்டே போயிட்டா?"

எக்ஸ்சேஞ்ச் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மாத வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் எக்ஸ்சேஞ்ச் என்றால், கேட்டிலிருந்து சமையலறைக்கு வரும் பேச்சும் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வர வேண்டும். மண் சரிந்து ஃபைபர் அறுந்தால், இருநூறு மீட்டரில் நிற்கும் ஆளோடு பேச முடியாது. சமவெளியில் கிளவுட் வசதிதான், மறுக்கவில்லை. மலையில் எக்ஸ்சேஞ்ச் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன்.

செலவும் பெரிதில்லை. 1999-ல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருளை 'ராஸ்பெர்ரி பை' என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு பங்களாவுக்குப் போதும். இன்டர்நெட் போனால் சென்னையில் இருக்கும் ஓனருக்கு ரிங் போகாது, ஆனால் கேட்டிலிருந்து சமையலறைக்கு ரிங் வரும், 9 அமுக்கினால் கேட் திறக்கும்.

"நான் சென்னையில இருக்கேன். பத்துத் தடவை பெல் அடிச்சா ரெண்டு தடவைதான் செல்லுக்கு வருது."

பேட்டரியை மிச்சம் பிடிக்க செல் அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடுகிறது. புஷ் வசதி உள்ள ஆப் வேண்டும், அப்போதுதான் அழைப்பு வரும்போது அது எழுப்பப்படும். ஆண்ட்ராய்டில் பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து அந்த ஆப்புக்கு விலக்கும் கொடுங்கள். புஷ் எழுப்ப ஐந்தாறு வினாடி ஆகலாம் என்பதால், டோர் போனில் ரிங் நேரம் 20 வினாடி என்றிருந்தால் 45 ஆக்குங்கள்.

என் பழக்கம் வேறு. முதல் 15 வினாடி பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனின் போனுக்கு மட்டும் ரிங் போகும், எடுக்காவிட்டால் எல்லோருக்கும் சேர்ந்து போகும். பால்காரர் வந்ததெல்லாம் சென்னைக்குத் தெரிய வேண்டுமா?

"ரிங் வருது, எடுத்தா நாம பேசறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசறது நமக்குக் கேக்கலை."

இரண்டாவது கேள்வியில் சொன்ன இரட்டைப் பாதை இதுதான். எஸ்ஐபி வந்து சேர்ந்துவிட்டது, ஆர்டிபி ஒரு பக்கம் வழி தவறிவிட்டது. முதலில் ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியை அணையுங்கள். உதவுவதாக நினைத்துக்கொண்டு முகவரிகளைத் திருத்தி அதுதான் குழப்பும்.

தீரவில்லையா? எக்ஸ்சேஞ்ச் தன் உள்வீட்டு முகவரியை வெளியே சொல்லிக்கொண்டிருக்கும், அல்லது ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் இணைப்பாக இருக்கும். இதற்கு ரவுட்டரில் 5060 துளையை (வயர் மாட்டும் துளை அல்ல, எஸ்ஐபி அழைப்பு உள்ளே வரும் வாசலின் நம்பர்) திறந்துவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள், ஏன் என்று கடைசிக் கேள்வியில் வரும். செல்லிலிருந்து வீட்டுக்கு விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் ஒரு தனிப் பூட்டிய பாதை) போட்டுவிட்டால் செல்லும் வீட்டுக்குள் இருக்கும் எக்ஸ்டென்ஷன் ஆகிவிடும். பகிர்ந்த முகவரி இணைப்பு என்றால் நடுவில் வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் தேவைப்படும்.

"வீடியோ வச்சேன். ராத்திரி பார்த்தா திரை முழுக்க வெள்ளை. கேமரா போச்சா?"

கேமரா நன்றாக இருக்கிறது. கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்கின் ஒளி மூடுபனியில் பட்டு நேராக லென்சுக்கே திரும்புகிறது. மூடுபனியில் ஹைபீம் போட்டு வண்டி ஓட்டினால் என்ன ஆகும்? அதேதான். அந்த விளக்கை அணைத்துவிட்டு, இரண்டடி தள்ளி, பக்கவாட்டில் கீழ்நோக்கி ஒரு சாதாரண விளக்கு போடுங்கள்.

வீடியோவுக்கு எச்.264 என்ற கோடெக் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஜி.711 குரலுக்கு ஒரு திசைக்கு வினாடிக்கு 90 கிலோபிட்டுக்குள் போதும், வீடியோ அதைப்போல் பல மடங்கு கேட்கும். மெதுவான இணைப்பில் படத்தைக் குறைத்து வையுங்கள், குரல் பிழைக்கும்.

"இதெல்லாம் சட்டப்படி சரிதானா?"

உங்கள் வீட்டு எக்ஸ்டென்ஷன்கள் இன்டர்நெட்டில் தங்களுக்குள் பேசுவதில் தவறில்லை. இன்டர்நெட்டில் வரும் அழைப்பை உரிமம் இல்லாமல் சிம் கார்டு பெட்டி வழியாக ஊர் நம்பர்களுக்குத் திருப்பிவிடுவதுதான் போலீஸ் கேஸ். சாதாரண போன் நம்பரிலும் ரிங் வர வேண்டும் என்றால் உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனத்திடம் எஸ்ஐபி லைன் வாங்குங்கள்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு பெல் அடிக்குது. எடுத்தா யாரும் இல்லை. வீட்டுல பயப்படறாங்க."

திரையில் எந்த நம்பர் வந்தது என்று பாருங்கள். 100, 1001 மாதிரி நீங்கள் வைக்காத நம்பர் என்றால், அது கேட்டிலிருந்தே வரவில்லை. 5060 திறந்திருக்கும் வீடுகளை இன்டர்நெட்டில் தேடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் உண்டு, அவை உங்கள் போனைத் தட்டிப் பார்க்கின்றன. துளையை மூடினால் நின்றுவிடும்.

210-லிருந்தே வந்தால் பட்டனுக்குள் ஈரம் போயிருக்கலாம். பெட்டி தூசியும் பீச்சும் தண்ணீரும் புகாத ஐபி65 தரத்தில் இருந்தாலும், கேபிள் மேலிருந்து நுழைந்தால் மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்துவிடும். கீழே ஒரு வளையம் தொங்கவிட்டு, அடியிலிருந்து ஏற்றுங்கள்.

கோத்தகிரி ரோட்டில் ஒரு வீட்டில் இரண்டையும் சரிபார்த்தாயிற்று, பெட்டியும் காய்ந்துதான் இருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் பெல் அடித்தது. பெல் அடிக்கும்போது கேமரா ஒரு படம் எடுத்து வைக்கும்படி செய்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் படம் கிடைத்தது: திரை முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் ஒரு கொம்பு. காட்டெருமை தூணில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பட்டனைச் சுற்றி ஓர் அங்குல உயரத்துக்கு இரும்பு வளையம் வைத்தோம், இப்போது விரல் மட்டும்தான் உள்ளே போகும். பெல் நின்றுவிட்டது. தூண்தான் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.